ஊர் மாறப்போகும் நேரத்தில் கடல் மீன் தொட்டி: தொடங்குவது எப்படி, கொண்டுபோவது எப்படி

கடல் மீன் தொட்டியோடு நான் இரண்டு முறை வீடு மாறியிருக்கிறேன். முதல் முறை சென்னைக்குள்ளேயே, அம்பத்தூரிலிருந்து வேளச்சேரிக்கு. இரண்டாவது முறை சென்னையிலிருந்து கோயம்புத்தூருக்கு, 500 கிலோமீட்டர். பக்கத்தில் மாறியபோது ஒரு மீன் செத்துப்போனது. தூரமாகப் போனபோது ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. காரணம் ஒன்றுதான். இரண்டாவது தொட்டியைத் தொடங்கும்போதே ஒருநாள் இதைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்பது தெரியும். கல் எது, மணல் வேண்டுமா, எந்த உப்பு, எத்தனை மீன் என்று எல்லாவற்றையும் அந்த நாளை நினைத்தே முடிவு செய்தேன்.

"இன்னும் ஆறேழு மாதத்தில் மாற்றல் வரும், அங்கே போய்த் தொடங்கிக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடுகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தள்ளிப்போடத் தேவையில்லை. ஆனால் எவ்வளவு நாள் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து, எதில் தொடங்குவது என்பது மாறும்.

முதலில் மாதக் கணக்கு

கிளம்ப நான்கு மாதத்துக்குக் குறைவாக இருந்தால் மீன் வாங்காதீர்கள். தொட்டியும் வாங்காதீர்கள். ஒரு பிளாஸ்டிக் டிரம்மும் கொஞ்சம் கல்லும் போதும். எப்படி என்று கீழே சொல்கிறேன். ஐந்து முதல் பத்து மாதம் இருந்தால் சின்னத் தொட்டி, அதில் இரண்டே இரண்டு மீன். ஒரு வருடத்துக்கு மேல் இருந்தால் கொஞ்சம் தாராளமாகப் போகலாம், ஆனாலும் பவளம் பக்கம் போக வேண்டாம்.

இன்னொன்றையும் யோசித்துக்கொள்ளுங்கள். சென்னையில் வாடகை ஒப்பந்தமே 11 மாதத்துக்குத்தான் போடுகிறார்கள். ஒரு கோமாளி மீனை நன்றாகப் பார்த்துக்கொண்டால் பத்து வருடத்துக்கு மேல் வாழும். வாடகை வீட்டில் இருக்கிற யாருக்கும் "மாறப்போகிறோம்" என்பது எப்போதும் உண்டு. நாள் தெரிந்து மாறுகிறவர்களுக்கு அதற்கேற்ப ஏற்பாடு செய்துகொள்ள வசதி இருக்கிறது.

உண்மையில் எதைக் கொண்டுபோகிறோம்?

இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

மீன் தின்கிறது, கழிவு விடுகிறது. அந்தக் கழிவும் மிஞ்சிய தீனியும் தண்ணீரில் அமோனியாவாக மாறும். அமோனியா மீனின் செவுளை எரித்துவிடும், மிகக் கொஞ்சம் இருந்தாலே ஆபத்து. ஒருவகை பாக்டீரியா அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அவ்வளவு கெடுதல் இல்லை, அவ்வப்போது கொஞ்சம் தண்ணீரை மாற்றினால் சமாளித்துவிடலாம். புதுத் தொட்டியில் இந்த இரண்டு பாக்டீரியாவும் வளர்ந்து நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். இதைத்தான் சைக்கிளிங் என்கிறார்கள்.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த பாக்டீரியா தண்ணீரில் இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். அதனால் வீடு மாறும்போது பழைய தண்ணீரைக் குடம் குடமாகச் சுமக்கிறார்கள். பாக்டீரியாவில் பெரும்பங்கு ஒட்டிக்கொண்டு வாழ்வது கல்லிலும் ஃபில்டர் பஞ்சிலும்தான். மணலிலும் இருக்கிறது, ஆனால் மணலில் வேறு வம்பும் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன். ஆக, நீங்கள் கொண்டுபோகப் போவது கல்லை. அந்தக் கல் ஈரமாகவும் அதிகச் சூடாகாமலும் போய்ச் சேர்ந்தால் தொட்டியே போய்ச் சேர்ந்த மாதிரி. கண்ணாடிப் பெட்டி உடைந்தால்கூட இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். செத்த கல்லை உயிர்ப்பிக்க மறுபடி ஆறு வாரம் வேண்டும்.

எந்தக் கல்?

கடலில் இருந்து எடுத்த 'லைவ் ராக்' வேண்டாம். இதற்கு இரண்டு காரணம். முதலாவது சட்டம். பாறையாக வளரும் பவளங்கள், கடல் விசிறி, கடல் அட்டை, கடல் குதிரை எல்லாம் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்பட்டவை. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே மன்னார் வளைகுடாவில் இருக்கும் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. "அங்கிருந்து வந்த கல்" என்று யாராவது ரகசியமாகச் சொல்லி விற்றால், அது ஒரு பவளப்பாறையில் இருந்து உடைத்தது என்று அர்த்தம். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து அழகு பார்க்க எனக்கு மனசு வராது, உங்களுக்கும் வரக் கூடாது என்று நினைக்கிறேன்.

இரண்டாவது காரணம் நம் பயணத்தோடு சம்பந்தப்பட்டது. கடல் கல்லில் கடற்பஞ்சு, புழு, சிப்பி என்று நூறு உயிர்கள் ஒட்டியிருக்கும். தண்ணீரை விட்டு வெளியே எடுத்து ஒருநாள் வைத்தால் அவற்றில் பாதி செத்து அழுகும், அந்த அழுகலே அமோனியா. செராமிக்கில் செய்த கல்லோ, மீன் தொட்டிக்கென்றே விற்கும் செயற்கைக் கல்லோ வாங்கி, அதில் நாமே பாக்டீரியாவை வளர்த்தால் இந்தத் தொல்லை கிடையாது. பாக்டீரியா ஈரத்துணிக்குள் பல மணி நேரம் தாக்குப்பிடிக்கும்.

100 லிட்டர் தொட்டிக்கு எட்டு முதல் பத்து கிலோ போதும். ஒரே பெரிய பாறையாக வாங்காமல், ஒரு கையில் தூக்கக்கூடிய ஐந்தாறு துண்டாக வாங்குங்கள். ஒட்டிக் கோட்டை மாதிரி கட்டாதீர்கள், வெறுமனே அடுக்கி வையுங்கள். பிரிக்க முடியாத கல் பயணத்துக்கு ஆகாது.

டிரம்மில் தொடங்குவது

மூடியுள்ள 60 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் ஒன்று வாங்குங்கள். ரசாயனம் எதுவும் இருந்ததாக இருக்கக் கூடாது, புதிதே நல்லது. கூடவே ஒரு சின்ன பம்ப், அமோனியா, நைட்ரைட், நைட்ரேட் மூன்றுக்கும் டெஸ்ட் கிட், உப்பு அளக்க ரிஃப்ராக்டோமீட்டர். சென்னையில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் கொளத்தூரில் ஒரே தெருவில் கிடைத்துவிடும்.

கல்லை நல்ல தண்ணீரில் கழுவி டிரம்மில் போடுங்கள். உப்புத் தண்ணீர் கலந்து கல் முழுகும்வரை ஊற்றுங்கள். பம்ப்பை அடியில் வைத்து ஓடவிடுங்கள். கடைகளில் விற்கும் பாக்டீரியா பாட்டில் ஒன்றை ஊற்றினால் வேலை கொஞ்சம் சீக்கிரம் நடக்கும். அப்புறம் பாக்டீரியாவுக்குத் தீனி வேண்டும். அமோனியம் குளோரைடு சொட்டு மருந்தாகக் கிடைக்கிறது, அதை 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு) வரும்வரை விடலாம். எனக்கு அப்போது கிடைக்கவில்லை. மீன் கடையில் ஒரு பச்சை இறால் வாங்கி, தோலோடு பழைய வலைத் துணியில் கட்டி டிரம்முக்குள் தொங்கவிட்டேன். நான்காவது நாள் மூடியைத் திறந்தபோது கருவாட்டு வாசனை பால்கனி முழுக்க வந்தது. டெஸ்ட் குழாயில் தண்ணீர் எடுத்துச் சொட்டு விட்டால் கரும்பச்சை. அமோனியா ஏறிவிட்டது என்று இறாலை எடுத்துப் போட்டுவிட்டேன்.

டிரம்முக்கு விளக்கு வேண்டாம். இருட்டில் பாசி வராது, பாக்டீரியாவுக்கு வெளிச்சம் தேவையும் இல்லை. வெயில் படாத மூலையில் வையுங்கள். வாரம் இரண்டு முறை டெஸ்ட் செய்து ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். முதலில் அமோனியா ஏறி இறங்கும், பிறகு நைட்ரைட் ஏறி இறங்கும், நைட்ரேட் மட்டும் ஏறிக்கொண்டே போகும். கடைசிப் பரீட்சை இதுதான்: மறுபடி 2 பிபிஎம் அமோனியா விட்டு, 24 மணி நேரம் கழித்துப் பார்த்தால் அமோனியாவும் நைட்ரைட்டும் இரண்டுமே பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டினால் கல் தயார்.

என் டிரம்மில் அந்த நாள் வர ஐந்து வாரமும் இரண்டு நாளும் ஆயிற்று. மூன்றாவது வாரத்தில் நைட்ரைட் நாவல்பழ நிறத்தில் அப்படியே நின்றுவிட்டது. தினமும் டெஸ்ட் செய்து பார்த்தேன், அசையவில்லை. கெட்டுப்போய்விட்டதோ என்று எல்லாவற்றையும் கொட்டிவிடலாமா என்றுகூட நினைத்தேன். கொட்டாதீர்கள். அந்த இரண்டாவது பாக்டீரியா மெதுவாகத்தான் பெருகும்.

நான்கு மாதத்துக்குள் கிளம்புகிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். வாரம் ஒருமுறை துளி அமோனியா விட்டுக்கொண்டே இருந்தால் பாக்டீரியா உயிரோடு இருக்கும். புது ஊரில் தொட்டி வாங்கிக் கல்லைப் போட்ட வாரமே மீன் விடத் தயாராகிவிடலாம்.

தண்ணீரும் உப்பும்

கடல் பக்கத்தில் இருக்கும்போது உப்பு ஏன் விலை கொடுத்து வாங்க வேண்டும் என்று சென்னைக்காரர்கள் கேட்பார்கள். மெரினாவில் குடத்தை முக்கி எடுத்து வரலாமே என்று தோன்றும். கூவமும் அடையாறும் கலக்கிற கரை அது, மழைக்காலத்தில் உப்பின் அளவும் தாறுமாறாக இறங்கும். சில கடைகளில் கடல் தண்ணீரைக் கேனில் விற்கிறார்கள், அது பரவாயில்லை. ஆனால் கோவைக்குப் போகிறவருக்கு அதுவும் சரிவராது. அங்கே கடல் ஏது? போன பிறகு எப்படியும் உப்புக் கலவைக்குத்தான் மாற வேண்டும். அதனால் முதல் நாளிலிருந்தே எந்த ஊரிலும் கிடைக்கிற ஒரு உப்பை எடுத்துக்கொண்டு அதிலேயே நில்லுங்கள். ரெட் சீ, இன்ஸ்டன்ட் ஓஷன், ட்ராபிக் மரைன் எல்லாமே நல்ல உப்புதான். நான் பயணத்துக்கு முன்பே ஒரு முழு வாளி கூடுதலாக வாங்கி வைத்துக்கொண்டேன். சமையல் உப்பும் கல்லுப்பும் இதற்கு ஆகவே ஆகாது.

கலக்க வேண்டியது ஆர்ஓ தண்ணீரில். வீட்டு ஆர்ஓ மெஷினில் ருசிக்காகத் தாதுக்களை மறுபடி சேர்க்கிற வால்வு ஒன்று இருக்கும், அதை முழுக்க மூடச் சொல்லுங்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கிற டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கி அளந்து பாருங்கள். பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. கேன் தண்ணீர் வாங்கினாலும் அளக்காமல் ஊற்றாதீர்கள். சிறுவாணித் தண்ணீர் தேன் மாதிரி இருக்கும் என்று கோவைக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள், குடிக்க உண்மைதான். ஆனால் குழாயில் வருகிற எந்தத் தண்ணீரிலும் குளோரின் இருக்கும், டிடிஎஸ் மீட்டர் அதைக் காட்டாது. அதையும் ஆர்ஓவில் விட்டு எடுங்கள்.

ஒரு லிட்டருக்குச் சுமார் 36 முதல் 38 கிராம் உப்பு போகும், 20 லிட்டர் கேனுக்கு முக்கால் கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். தண்ணீரில்தான் உப்பைக் கொட்ட வேண்டும். உப்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் சுண்ணாம்பு மாதிரி அடியில் படிந்துவிடும். பம்ப் போட்டு ஒருநாள் ஓடவிட்டு, ரிஃப்ராக்டோமீட்டரில் உப்பு 35 (ஆயிரத்தில் 35 பங்கு) அல்லது அடர்த்தி 1.026 காட்டுகிறதா என்று பாருங்கள். ரிஃப்ராக்டோமீட்டரையே 35 என்று அளவிட்ட கரைசலில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது அவசியம். என்னுடையது பெட்டியிலிருந்து எடுத்தபோதே இரண்டு புள்ளி தள்ளிக் காட்டியது.

தொட்டியில் தண்ணீர் ஆவியாகக் குறையும்போது உப்புத் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே இருக்கும். கண்ணாடியில் ஒரு டேப் ஒட்டிக் குறித்துக்கொண்டு, தினமும் அந்தக் கோடுவரை வெறும் ஆர்ஓ தண்ணீர் விடுங்கள்.

தொட்டி

இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். இதற்கு மேல் வேண்டாம். 120 லிட்டர் பிடிக்கும். 8 மில்லிமீட்டர் கண்ணாடியில் செய்தால் காலியாக 25 கிலோவுக்குள் இருக்கும், இரண்டு பேர் மாடிப்படியில் தூக்கி இறங்கலாம். இதைவிடச் சின்னத் தொட்டியில் உப்பும் சூடும் சட்டென்று ஏறி இறங்கும், புதியவர்களுக்குக் கஷ்டம். நான்கடித் தொட்டி இன்னும் நிலையாக இருக்கும், ஆனால் அதை லாரியில் ஏற்ற நான்கு பேர் வேண்டும், புது வீட்டில் அது நிற்கச் சுவர் கிடைக்குமா என்பதும் தெரியாது.

கீழே தனிச் சம்ப் (ஃபில்டர் சாமான்கள் வைக்கிற இன்னொரு தொட்டி), ஓட்டை போட்டுக் குழாய் விடுவது எல்லாம் இப்போது வேண்டாம். கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கிற, பின்பக்கம் மாட்டுகிற ஸ்கிம்மர், தண்ணீரை அலைய வைக்க ஒரு வேவ்மேக்கர், ஒரு 100 வாட் ஹீட்டர், சாதாரண விளக்கு. ஹீட்டர் எதற்கு என்று சென்னையில் சிரிப்பார்கள். கோவையில் மார்கழி ராத்திரியில் தேவைப்படும். சென்னைக்கு எதிர்ப் பிரச்சினை: தண்ணீர் 25 முதல் 27 டிகிரிக்குள் இருக்க வேண்டும், மே மாதத்தில் அது தானாக நிற்காது. தண்ணீரின் மேல் வீசுகிற மாதிரி ஒரு சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். அதற்கும் மேல் சூடானால் சில்லர் வேண்டும், அல்லது தொட்டியை ஏசி அறைக்கு மாற்ற வேண்டும்.

மணலைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். அம்பத்தூர் தொட்டியில் மூன்று அங்குலத்துக்கு மணல் போட்டிருந்தேன், பார்க்கக் கடற்கரை மாதிரியே இருக்கும். வேளச்சேரிக்கு மாறும்போது அதை அப்படியே வாளியில் அள்ளி, கழுவாமல் கொட்டி, மேலே தண்ணீர் ஊற்றினேன். கொட்டும்போதே அழுகிய முட்டை நாற்றம் வந்தது. எனக்கு அப்போது அதன் அர்த்தம் தெரியவில்லை. ஒரு வருடமாக அடியில் அடைந்துகிடந்த கழிவு முழுக்க ஒரே நேரத்தில் மேலே வந்துவிட்டது. காலையில் எழுந்து பார்த்தால் தண்ணீர் பால் மாதிரி இருந்தது, நீல டேம்செல் ஒன்று வேவ்மேக்கரின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. இரண்டு வருடம் என் விரலைப் பார்த்ததும் ஓடி வந்த மீன் அது. அதற்குப் பிறகு நான் மணல் போடவில்லை. அடி வெறும் கண்ணாடி, பின்னால் நீலத் தாள். கண்டிப்பாக மணல் வேண்டும் என்றால் ஒரு அங்குலத்துக்கு மேல் போடாதீர்கள், கிளம்பும்போது அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது ஊரில் புது மணல் வாங்கிக்கொள்ளுங்கள்.

மீன்

இரண்டு கோமாளி மீன். கடையில் க்ளவுன் என்று கேளுங்கள், ஒசெல்லாரிஸ் வகை. பண்ணையில் பிறந்ததா என்று கேட்டு வாங்குங்கள். 1947-ல் தொடங்கி இப்போது கொச்சியில் தலைமையகம் வைத்திருக்கும் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், கோமாளி மீனைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்து வளர்க்கும் முறையை நம் நாட்டிலேயே செய்து காட்டியிருக்கிறது. பண்ணை மீன் தொட்டி வாழ்க்கைக்குப் பழகியது, காய்ந்த தீனி தின்னும், பையில் போட்டாலும் அவ்வளவாகப் பதறாது. கடலில் பிடித்த மீன் ஏற்கெனவே ஒரு பெரிய பயணத்தில் நொந்து வந்திருக்கும். அதை மறுபடி ஒரு பயணத்துக்கு இழுக்க வேண்டாம்.

ஒன்று சின்னதாகவும் ஒன்று கொஞ்சம் பெரியதாகவும் எடுங்கள். கோமாளி மீன்கள் எல்லாம் ஆணாகத்தான் வளரும், ஜோடியில் பெரியது பிறகு பெண்ணாக மாறும். ஒரே அளவில் இரண்டு எடுத்தால் யார் பெரியவர் என்று கொஞ்ச நாள் சண்டை போடும். கடலில் தனக்கு வீடாக இருக்கும் கடல் சாமந்தி (அனிமோன்) இல்லாமலேயே இந்த மீன் நன்றாக வாழும், அதனால் அதை வாங்காதீர்கள். பயணத்தில் அது செத்தால் தண்ணீர் முழுவதையும் கெடுத்துவிடும்.

பாசி மேய நான்கைந்து நத்தை போதும். நீலத் தட்டு மீன், பட்டாம்பூச்சி மீன் எல்லாம் கண்ணைப் பறிக்கும், கடைக்காரரும் எடுத்துக் காட்டுவார். புது வீட்டில் தொட்டி ஆறு மாதம் ஓடிய பிறகு என்ன வேண்டுமானாலும் யோசிக்கலாம்.

இடைப்பட்ட மாதங்களில் பெரிய வேலை இல்லை. வாரம் பத்து சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள், இரண்டு விரலில் அள்ளுகிற அளவு தீனி, நோட்டில் குறிப்பு. கரண்ட் போனால் ஓட ஒரு பேட்டரி ஏர் பம்ப் இப்போதே வாங்கி வைத்துவிடுங்கள், காரிலும் அதுதான் கைகொடுக்கும்.

கிளம்புவதற்கு முந்தைய வாரம்

தொட்டியும் ஸ்டாண்டும் லாரியில் போகும். மீனும் கல்லும் உங்களோடு காரில் வரும். இதை மட்டும் மாற்றாதீர்கள். லாரி வந்து சேர இரண்டு மூன்று நாள் ஆகலாம், மூடிய கண்டெய்னர் வெயிலில் நின்றால் உள்ளே அடுப்பு மாதிரி கொதிக்கும். அப்படியானால் அந்த இடைப்பட்ட நாட்களில் மீன் எங்கே இருக்கும்? ஒரு 50 லிட்டர் பிளாஸ்டிக் டப்பில். பயணத்தின் முழு வெற்றியும் அந்த டப்பில்தான் இருக்கிறது.

அந்த வாரத்தில் செய்ய வேண்டியவை: மூன்று 20 லிட்டர் கேன் எடுத்து, இரண்டில் புதிதாகக் கலந்த உப்புத் தண்ணீர், ஒன்றில் தொட்டித் தண்ணீர் என்று தயார் செய்யுங்கள். மூன்றிலும் உப்பு அளவு ஒன்றாக இருக்கட்டும். ஒரு தெர்மாகோல் பெட்டி, பழைய துண்டுகள் நான்கு, டெஸ்ட் கிட், ஹீட்டர், சின்ன பம்ப், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு அந்தப் பையை லாரிக்காரர் கண்ணில் படாமல் வையுங்கள். என் சிநேகிதர் ஒருவருடைய ஹீட்டர் சமையல் பாத்திரங்களோடு பெட்டிக்குள் போய், மூன்று நாள் கழித்துத்தான் கிடைத்தது.

கிளம்புவதற்கு ஒன்றரை நாள் முன்பே தீனியை நிறுத்திவிடுங்கள். வயிறு காலியாக இருந்தால் பையில் கழிவு குறையும். பாவமாக இருக்கும், ஆனால் நன்றாக இருக்கும் மீனுக்கு இரண்டு நாள் பட்டினி ஒன்றும் செய்யாது.

லாரி வருவதற்கு முன் மீனையும் கல்லையும் டப்புக்கு மாற்றி ஓரமாக வைத்துவிட்டு, தொட்டியை முழுக்கக் காலி செய்யுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீரோடும் தூக்கக் கூடாது, கண்ணாடியின் ஒட்டு விட்டுவிடும். நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, நாலு பக்கமும் தெர்மாகோல் ஷீட் வைத்துக் கட்டி, நின்ற நிலையில் ஏற்றச் சொல்லுங்கள். உள்ளே புத்தகமோ பாத்திரமோ வைக்க விடாதீர்கள்.

ராத்திரிப் பயணம்

வெயிலில் போக வேண்டாம். நாங்கள் ராத்திரி ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். அன்று சாயங்காலம் மீன் இரண்டையும் பக்கத்துக் கடைக்குக் கொண்டுபோய் ஆக்சிஜன் பாக்கெட் போட்டு வாங்கி வந்தேன். ஒரு பைக்கு ஒரு மீன், மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்சிஜன், பைக்கு மேல் இன்னொரு பை. பையின் இரண்டு மூலைகளையும் ரப்பர் பேண்டால் கட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மீன் மூலையில் சிக்கி நசுங்கிவிடும். பைகளைத் தெர்மாகோல் பெட்டியில் வைத்து மூடிவிட்டால் இருட்டில் மீன் அமைதியாகிவிடும். நத்தைகள் ஒரு சின்ன டப்பாவில் ஈரமாக வந்தன.

கல்லை உப்புத் தண்ணீரில் நனைத்த துண்டில் சுற்றி, அதே பழைய டிரம்மில் அடுக்கி மூடினேன். அடியில் இரண்டு லிட்டர் தண்ணீர். ஃபில்டர் பஞ்சும் அதற்குள்தான். டிக்கியில் கேன்கள் மட்டும், டிரம்மும் மீன் பெட்டியும் ஏசி படுகிற மாதிரி பின் சீட்டில்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் உளுந்தூர்பேட்டை வரை போய், அங்கிருந்து சேலம், பிறகு அவிநாசி வழியாகக் கோவை. உளுந்தூர்பேட்டை தாண்டி டீ குடிக்க நிறுத்தியபோது பெட்டி மூடியைக் கொஞ்சம் தூக்கி, ஃபோன் வெளிச்சத்தை விரலால் மறைத்துப் பார்த்தேன். இரண்டும் பையின் அடியில் சாய்ந்தபடி செவுளை மெதுவாக அசைத்துக்கொண்டிருந்தன. பெரியதன் வாலுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த மூன்றாவது வெள்ளைப் பட்டை மட்டும் பளிச்சென்று தெரிந்தது. மூடிவிட்டேன். வழியில் பையைத் திறக்கவே கூடாது, அதற்கான காரணம் அடுத்து வருகிறது.

போய்ச் சேர்ந்ததும்

சாமான் இறக்குவதற்கு முன் டப்பை வையுங்கள். ஆள் நடமாட்டம் இல்லாத அறை, வெயில் வராத மூலை, பக்கத்தில் பிளக். கேன் தண்ணீரில் 40 லிட்டர் ஊற்றி, கல்லையும் பஞ்சையும் போட்டு, பம்ப்பும் ஹீட்டரும் ஓடவிடுங்கள். தண்ணீர் 26 டிகிரிக்கு வந்ததும் மீன் பையைக் கட்டு அவிழ்க்காமல் மேலே இருபது நிமிடம் மிதக்கவிடுங்கள்.

பிறகு பையைத் திறந்தவுடன் மீனை எடுத்து டப்பில் விட்டுவிடுங்கள். பையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் சேர்த்து ஒருமணி நேரம் பழக்கலாம் என்று பலர் சொல்வார்கள். கடையிலிருந்து அரை மணி நேரத்தில் வீட்டுக்கு வந்த மீனுக்கு அது சரி. பத்து மணி நேரம் பையில் இருந்த மீனுக்கு அது விஷம். மூடிய பையில் மீன் விடுகிற கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து பிஎச் (தண்ணீரின் அமில-கார அளவு) இறங்கியிருக்கும், அந்த நிலையில் பையில் சேர்ந்த அமோனியா பெரிதாக வேலை காட்டாது. பையைத் திறந்த நிமிடத்திலிருந்து அந்த வாயு வெளியேறி பிஎச் ஏறும், தூங்கிக்கொண்டிருந்த அமோனியா விஷமாக மாறும். உப்பு அளவு இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கேன்களில் அளந்து வைத்தது இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான். பைத் தண்ணீரை டப்பில் ஊற்றாதீர்கள்.

டப்பின் மேல் ஒரு வலை போட்டு மூடுங்கள், புது இடத்தில் மீன் துள்ளும். அன்று தீனி வேண்டாம். மறுநாள் காலையில் அமோனியா டெஸ்ட் செய்யுங்கள். 0.25 காட்டினால் மீதிக் கேனிலிருந்து பத்து லிட்டர் மாற்றுங்கள். மூன்றாவது கேனைக் கொண்டுவந்தது அதற்குத்தான்.

லாரி வந்து தொட்டி இறங்கியதும் அவசரப்படாதீர்கள். ஸ்டாண்டை பீம் ஓடுகிற சுவரை ஒட்டி வைத்து, ரசமட்டம் வைத்துப் பாருங்கள். தண்ணீரும் கல்லும் சேர்ந்தால் எல்லாமாக 180 கிலோவுக்கு வரும், நடு ஹாலில் வைக்க வேண்டாம். குழாய்த் தண்ணீர் நிரப்பி ஒரு முழு நாள் ஒழுகுகிறதா என்று காத்திருங்கள். மூலைகளில் காய்ந்த டிஷ்யூ தாளைத் தடவிப் பார்த்தால் ஈரம் தெரிந்துவிடும். அதன் பிறகு காலி செய்து துடைத்து, உப்புத் தண்ணீர் கலந்து, ஒருநாள் ஓடவிட்டு, கல்லை மாற்றி, அதே நாளில் மீனையும் மாற்றிவிடலாம். மீனைக் கல் இல்லாத டப்பில் ராத்திரி முழுக்க விட்டுவைக்காதீர்கள்.

முதல் வாரம் தினமும் அமோனியாவும் நைட்ரைட்டும் பார்க்க வேண்டும். தீனி வழக்கத்தில் பாதி. எனக்கு இரண்டாம் நாள் 0.25 காட்டி, நான்காம் நாள் பூஜ்யத்துக்கு வந்து அப்படியே நின்றது. ஏழாம் நாளுக்குப் பிறகு வாரம் ஒருமுறை டெஸ்ட் போதும், தீனியும் பழையபடி கொடுக்கலாம். டப்பையும் டிரம்மையும் கழுவிக் காயவைத்துப் பரணில் போட்டு வையுங்கள். டிரம்மில் வாராவாரம் உப்புத் தண்ணீர் கலக்கலாம், டப்பை அடுத்த மாற்றல் வரும்வரை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.